கைக்கு எட்டும் தூரத்தில்

மேனிலை முதலாம் ஆண்டு மாணவி

"எந்த மாவட்டம்?" என்று வெளியூரில் யாராவது கேட்டு, "கன்னியாகுமரி" என்று நாம் சொன்னால், கேட்டவர் முகத்தில் உடனே ஒரு மலர்ச்சி தோன்றும். "ஆகா! முக்கடல் கூடும் ஊர்" என்பார். 1970-இல் எழுந்த விவேகானந்தர் நினைவு மண்டபம், 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 133 அடி உயர வள்ளுவர் சிலை, சூரியன் உதிப்பதும் மறைவதுமான காட்சி என்று அடுக்கிக்கொண்டே போவார். நமது மாவட்டத்தில் மலை இருக்கிறதா, காடு இருக்கிறதா என்று கேட்பவர் மிகச் சிலரே.

அவர்களைக் குறை கூறுவானேன்? நம்மில் எத்தனை பேர் அந்த மலைகளைத் திரும்பிப் பார்க்கிறோம்? நம் பள்ளியின் மேல்மாடி வராந்தாவில் நின்று வடக்கே நோக்கினால், மழைக்காலத்துக் காலை வேளைகளில் நீல நிறத்தில் ஒரு மதில் நீண்டு கிடப்பது தெரியும். குஜராத் எல்லையில் தொடங்கும் மேற்குத் தொடர்ச்சி மலை, நெடுந்தூரம் நடந்து வந்து இளைப்பாறும் இடம் நம் மாவட்டம். கோதையாறும் பரளியாறும் பழையாறும் அம்மலைகளில்தான் பிறக்கின்றன. 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையில் தேங்குவதும், நாஞ்சில் நாட்டு வயல்களில் பாய்வதும் அந்த மலை தரும் நீரே. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் வாங்கிச் சேர்த்து வைத்து, ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுக நமக்கு அளிக்கும் வங்கி அது என்று எங்கள் உயிரியல் டீச்சர் அடிக்கடி கூறுவார்கள்.

அந்த வங்கியைக் கண்ணால் கண்டு வரும் பேறு சென்ற ஜனவரித் திங்களில் எங்கள் வகுப்புக்குக் கிட்டியது. கீரிப்பாறைக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் காளிகேசம் பள்ளத்தாக்குக்கு, வனத்துறையின் முன் அனுமதியுடன் நாங்கள் 38 மாணவியரும், இரண்டு சிஸ்டர்களும், உயிரியல் டீச்சரும் ஒருநாள் கல்விச் சுற்றுலா சென்று வந்தோம்.

புறப்படுவதற்கு முன் வகுப்பில் சில செய்திகளை டீச்சர் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். நமது மாவட்டக் காடுகளில் ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டர் பரப்பு இன்று கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயமாக இருக்கிறது. மாவட்டத்தின் மொத்தப் பரப்பில் இது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. தமிழகமும் கேரளமும் பகிர்ந்துகொள்ளும் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001-இல் அறிவிக்கப்பட்டு, 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்ந்தது. அந்தக் காப்பகத்தில் 2,254 வகை உயர்நிலைத் தாவரங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றுள் சுமார் 400 வகைகள் அந்த வட்டாரத்திற்கே உரியவை.

நான் இந்த எண்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வீடு திரும்பிய அன்று மாலை, என் பாட்டி எனக்கு இன்னொரு வேலை வைத்திருந்தார்கள். பாட்டிக்கு நெடுநாளாக முட்டுவலி. ஆசானிடம் எண்ணெய் வாங்கித் தடவியும், ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கித் தின்றும் தீராத வலி. யாரோ அவர்களிடம் 'ஆரோக்கியப் பச்சை' என்ற மூலிகையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். "மக்களே, அது மலையிலதான் நிக்குமாம். ஒரே ஒரு மூடு பிடுங்கிட்டு வந்தா போதும். நமக்க விளையில தண்ணி விட்டு வளர்த்துக்கிடலாம்" என்று சொல்லி, ஒரு பழைய துணிப்பையை மடித்து என் கையில் தந்தார்கள். படுக்கையிலிருந்து எழும்போதெல்லாம் பாட்டி படும் பாட்டை அறிந்த நான், மறுத்துப் பேசவில்லை. அந்தப் பையை என் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

குறித்த நாளும் வந்தது. காலை 7 மணிக்குச் சிற்றாலயத்தில் சிறு செபம் சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினோம். பூதப்பாண்டியைக் கடந்ததும் இருபுறமும் பச்சைக் கம்பளமாய் வயல்கள். வரப்புகளில் கொக்குகள் ஒற்றைக்காலில் நின்றன. அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம் என ஊர்கள் பின்னே நழுவ நழுவ, வயல்கள் குறைந்து வாழையும் தென்னையும் மிகுந்தன. பிறகு ரப்பர் தோட்டங்கள் தொடங்கின. ஒரே உயரம், ஒரே இடைவெளி, ஒவ்வொரு மரத்திலும் ஒரே சாய்வில் கீறல், அதன் கீழே ஒரு சிரட்டை. வரிசை தவறாமல் காலைக் கூட்டத்தில் நிற்கும் மாணவியரைப் போல மரங்கள் நின்றன. "இதுவும் காடுதானே சிஸ்டர்?" என்று ஒருத்தி கேட்டாள். "காட்டைப் பார்த்த பிறகு இந்தக் கேள்வியை மறுபடி கேள்" என்றார்கள் சிஸ்டர்.

வனத்துறையின் சோதனைச் சாவடியில் எங்கள் பைகள் எல்லாம் திறந்து பார்க்கப்பட்டன. பிளாஸ்டிக் உறைகளையும் தின்பண்டப் பொட்டலங்களையும் அங்கேயே விட்டுவிடச் சொன்னார்கள். என்னுடைய வெறுந் துணிப்பையை யாரும் பொருட்படுத்தவில்லை. எங்களுக்கு வழிகாட்ட வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் வந்தார். இம்மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் காணி இனத்தைச் சேர்ந்தவர். ஐம்பதைத் தாண்டிய வயது, மெலிந்த உடல், கையில் ஒரு கம்பு. "மக்களே, இஞ்ச மூணு காரியம் உண்டு. சத்தம் போடாதீங்க. வழி விட்டு அங்கோட்டு இங்கோட்டு போவாதீங்க. ஒண்ணையும் பிடுங்காதீங்க" என்றார். நாங்கள் அவரை "மாமா" என்றே அழைத்தோம்.

ஆற்றங்கரையில் உள்ள காளி கோயிலின் பெயராலேயே அந்த இடம் வழங்குகிறது. கோயிலுக்கு அப்பால் ஆறு, யானைகள் படுத்துறங்குவது போன்ற பெரும் பாறைகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்குகிறது. பாறையை மோதும் இடத்தில் வெண்ணுரை. அடுத்த அடியில் கண்ணாடி போன்ற தெளிவு. அடியில் கிடக்கும் கூழாங்கற்களை ஒன்று, இரண்டு என எண்ணலாம். இருகரையிலும் மலைச்சரிவுகள் உயர்ந்து நின்று வானத்தை ஒரு நாடாவாகச் சுருக்கிவிட்டன. வெயில் அங்கே தரைக்கு வருவதற்கு இலைகளிடம் அனுமதி கேட்க வேண்டும் போலும்!

ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். ரப்பர் தோட்டத்துக்கும் காட்டுக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் எங்களுக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. பத்தடிக்குள் பத்து வகை மரங்கள். மரத்தின் மேல் கொடி, கொடியின் மேல் பாசி, பாசியின் மேல் பெயர் தெரியாத ஒரு சிறு பூ. நீரோரத்தில் ஆளுயரத்தையும் மீறி ஈத்தல் அடர்ந்திருந்தது. கூடை முடையவும் குடிசை கட்டவும் காணி மக்கள் பயன்படுத்தும் நாணல் மூங்கில் அது. முள் நிறைந்த பிரம்புக்கொடி ஒன்று எங்கள் வகுப்புத் தலைவியின் தாவணி நுனியைப் பற்றி இழுத்து அவளை நிறுத்தியது. கால்களில் ஏறிய அட்டைகளைப் பார்த்துச் சிலர் அலற, "சத்தம், சத்தம்" என்று மாமா உதட்டில் விரல் வைத்தார். உப்புப் பொட்டலம் கொண்டு வந்திருந்த சிஸ்டர் அன்று எங்களுக்கெல்லாம் மருத்துவர் ஆனார்கள்.

வழியில் உதிர்ந்து கிடந்த ஒரு இலையை எடுத்துக் கசக்கி மாமா எங்களிடம் நீட்டினார். பட்டை, கிராம்பு மணம்! காட்டு இலவங்க மரத்தின் இலை. ஓரிடத்தில் பிளந்த பழம் ஒன்றைக் காட்டினார். உள்ளே கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலை பின்னியிருந்தது. காட்டு ஜாதிக்காய். முகர்ந்தும் பார்த்தும் முடித்ததும் இரண்டையும் கிடந்த இடத்திலேயே அவர் திரும்ப வைத்தார். "இது விழுந்ததுதானே மாமா, எடுத்தா என்ன?" என்று கேட்டோம். "இதைத் தின்ன ஒருத்தன் வருவான்" என்றார். சற்று நேரத்தில் தலைக்கு மேலே கிளைகள் குலுங்கின. அண்ணாந்து பார்த்தோம். பெரிய, செம்பழுப்பு நிற மலையணில் ஒன்று கிளைவிட்டுக் கிளை தாவி மறைந்தது. அந்த ஒருத்தன் இவன்தானோ என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம்.

பாதை ஒரு திருப்பத்தில் சற்று உயர்ந்து, எதிர்ப்புறம் வடக்கே தொலைவில் உயர்ந்த மலைகளின் பாறைமுகங்கள் தெரியும் இடத்துக்கு வந்தோம். அங்கே உட்கார்ந்து இளைப்பாறியபோதுதான் இந்தக் கட்டுரையின் கரு எனக்குக் கிடைத்தது.

"அந்த உயரத்துக்கு நமக்கு அனுமதி இல்லை. அங்கே இருப்பவற்றைப் பற்றிக் கேட்டாவது தெரிந்துகொள்ளுங்கள்" என்று டீச்சர் தொடங்கினார்கள். தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த செங்குத்துப் பாறைகளில் 'வரைக்கமுகு' என்றொரு பனைக்குடும்பத்து மரம் வளர்கிறது. பாக்கு மரத்தைப் போன்று மெலிந்த தண்டு உடையது. 'வரை' என்றால் மலை என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? 1803 முதல் 1807 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த பென்டிங் பிரபுவின் பெயரால் தாவர நூலார் இதன் பேரினத்துக்குப் 'பென்டிங்கியா' என்று பெயரிட்டனர். உலகிலேயே இப்பேரினத்தில் இரண்டே இனங்கள்தாம் உள்ளன. ஒன்று இங்கே, மற்றொன்று நிக்கோபார் தீவுகளில்.

"அது ஏன் டீச்சர் பாறையிலே போய் நிற்கிறது?" என்று கேட்டோம். விடை சொன்னவர் மாமா. "ஆனைக்கு அதுக்க குருத்துன்னா பெரிய இஷ்டம். ஆனைக்குத் தும்பிக்கை எட்டுன இடத்துல நின்னதெல்லாம் போச்சு. எட்டாத இடத்துல நிக்கதுதான் மிச்சம்."

டீச்சர் தலையசைத்து, தாவர நூலாரும் இதையே எழுதியிருக்கிறார்கள் என்றார்கள். பிறகு இரண்டாவது கதையைச் சொன்னார்கள். அது யானையைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது.

1865-இல் கர்னல் ட்ரூரி என்ற ஆங்கிலேயர் திருவிதாங்கூர் மலைகளில் ஓர் ஆர்க்கிட் செடியைக் கண்டெடுத்தார். மஞ்சள் நிறப் பூ; இதழ்களின் நடுவே கருஞ்சிவப்புக் கோடு; கீழிதழ் ஒரு சிறு பாதணி போலக் குழிந்திருக்கும். அவர் பெயரையே அச்செடிக்குச் சூட்டினர். அதன்பின் அது அங்கே நெடுங்காலம் காணப்படவில்லை. அழிந்தே போயிற்று என்று எண்ணப்பட்டது. 1972-இல் அகத்தியமலைப் பகுதியில் மீண்டும் கண்டுபிடித்தார்கள். கண்டவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அது இருக்கும் செய்தி பரவியதும் பூவை விரும்பியவர்களும் விற்பவர்களும் தேடி வந்தார்கள். கிழங்கோடு தோண்டி எடுத்துச் சென்றார்கள். இன்று அது மிகவும் அழியும் நிலையில் உள்ள தாவரங்களின் பட்டியலில் இருக்கிறது. காட்டில் எடுத்த அந்தச் செடியை நாடு விட்டு நாடு விற்பதற்குப் பன்னாட்டு உடன்படிக்கையே தடை விதித்திருக்கிறது.

"யானை பசிக்காகத் தின்றது. இந்தப் பூவை அழித்தவர்களுக்கு அதன் மேல் வெறுப்பா? இல்லை. அழகாக இருக்கிறது என்ற ஆசைதான்" என்று டீச்சர் முடித்தபோது எங்களிடையே சிறிது நேரம் பேச்சே இல்லை. ஆற்றின் ஓசை மட்டும் கேட்டது.

அந்த அமைதியில்தான் நான் துணிந்து எழுந்து, "மாமா, இந்தப் பக்கம் ஆரோக்கியப் பச்சை இருக்குமா?" என்று கேட்டேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "ஆருக்கு மக்களே?" என்றார். "எங்க பாட்டிக்கு முட்டுவலி" என்றேன். அவர் முகத்தில் இரக்கம் தெரிந்தது. ஆனாலும், "இந்த மலையில எங்கயோ நிக்கும். நிக்க இடத்தை மட்டும் நான் ஆருக்கும் சொல்ல மாட்டேன். கோவிச்சுக்கிடாதே" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதன் காரணத்தை டீச்சர் எங்களுக்கு விளக்கினார்கள். 1987-இல் கேரளப் பகுதியின் அகத்தியமலைக் காட்டில் ஆய்வாளர் குழு ஒன்று காணி இனத்து இளைஞர்களை வழிகாட்டிகளாகக் கொண்டு நடந்தது. ஆய்வாளர்கள் களைத்துத் தள்ளாட, வழிகாட்டிகள் மட்டும் ஏதோ சிறு காய்களை அவ்வப்போது மென்றுகொண்டு சோர்வின்றி நடந்தார்கள். கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கினார்கள். தம் முன்னோர் காத்து வந்த செய்தி என்றார்கள். பின்னர் நம்பிக்கை கொண்டு செடியைக் காட்டினார்கள். அதுவே ஆரோக்கியப் பச்சை. மரநிழலில் தரையை ஒட்டி வளரும் சிறு செடி. திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்கள், டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில், அதன் இலையை ஆராய்ந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கினார்கள். 1995-இல் கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்ச ரூபாய்க்கு உரிமம் தரப்பட்டது. விற்பனையில் 2 விழுக்காடு பங்கும் உண்டு. அத்தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. பழங்குடி மக்களின் அறிவுக்கு விலை கொடுத்த முன்மாதிரி என்று உலகின் பல நாடுகளிலும் இதைப் பேசினார்கள். ஆயினும் மருந்துக்குப் பெயர் பரவியதும் காட்டிலிருந்து செடியைப் பிடுங்கி எடுக்கும் ஆசையும் உடன் பரவியது. அதுதான் மாமாவின் மௌனத்துக்குக் காரணம்.

"இன்னொன்று" என்றார்கள் டீச்சர். "அச்செடி தன் இயற்கையான காட்டுச் சூழலை விட்டு வெளியே வளர்க்கப்பட்டால், மருந்துக் குணம் அதற்கு முன்போல் இருப்பதில்லை என்று ஆய்வாளர்களே கூறியிருக்கிறார்கள்."

மாமா அதைக் கேட்டுச் சிரித்தார். "கீழ கொண்டு போனா அது வெறும் புல்லு மக்களே. இந்த நிழலு, இந்த ஈரம், இந்த மண்ணு எல்லாத்தையும் சேர்த்துப் பிடுங்கிட்டுப் போவ முடியுமா?"

என் பைக்குள் மடித்துக் கிடந்த துணிப்பையை நினைத்துக்கொண்டேன். பாட்டியின் முட்டுவலி பொய்யன்று. அந்த மலையில் எங்கோ அச்செடி நிற்பதும் பொய்யன்று. இரண்டுக்கும் இடையில் ஒரு மனிதர் கம்பை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். அவரை நான் அப்போது கடிந்துகொள்ளவும் முடியவில்லை. முழு மனத்துடன் பாராட்டவும் முடியவில்லை என்பதே உண்மை.

திரும்பும் வழியில் எங்கள் வகுப்பு முழுவதற்கும் ஒரு சோதனை காத்திருந்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவே, பாதையின் ஓரத்திலேயே, முழங்கால் உயரத்தில் ஒரு மரப்பெரணிக் கன்று நின்றது. டைனோசர்கள் உலவிய காலத்திலிருந்தே பூமியில் இருந்துவரும் குடும்பம் என்று பாடத்தில் படித்த அதே மரப்பெரணி! நான்கே இலைகள், நடுவில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் இளந்தளிர். என் தோழிக்கு உலர்தாவரத் தொகுப்பு செய்முறைத் தேர்வுக்கு வேண்டும். எல்லாரும் செம்பருத்தியும் ஊமத்தையும் ஒட்டி வைத்திருக்க, அவளுடைய ஏட்டில் மரப்பெரணி இருந்தால் எப்படியிருக்கும்! "ஒரே ஒரு இலை" என்றாள். "நான்கில் ஒன்று போனால் என்ன? மூன்று இருக்கிறதே."

அவளுக்குப் பின்னால் நின்ற இன்னொருத்தி, "அப்போ எனக்கும் ஒண்ணு" என்றாள். மூன்றாமவள், "எனக்கும்" என்றாள். அவ்வளவுதான். நாங்கள் 38 பேர். அதற்கோ 4 இலை. எங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கணக்குப் பாடத்தில் இதைவிடத் தெளிவான கணக்கை நாங்கள் போட்டதில்லை. என் தோழி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். டீச்சர் கோபிக்கவில்லை. சரணாலயத்திலிருந்து அனுமதியின்றி எதையும் எடுப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது என்பதை நினைவூட்டிவிட்டு, "பத்து நிமிடம் தருகிறேன். உட்கார்ந்து வரை" என்றார்கள். அவள் பாறையில் அமர்ந்து பென்சிலால் வரைந்தாள். இலையின் பிளவுகளை எண்ணி எண்ணி வரைந்ததால், பிடுங்கி ஒட்டியிருந்தால் கவனித்திருக்க மாட்டாத ஒன்றைக் கண்டாள். தண்டின் அடியில் பொன்னிறச் செதில்கள் மயிர் போல மூடியிருந்தன. அந்தப் படம் இன்றும் எங்கள் ஆய்வகச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது.

பகல் உணவுக்கு ஆற்றங்கரைக்கு இறங்கினோம். வாழையிலையில் கட்டிய எலுமிச்சஞ் சோறும், துவையலும், மட்டிப்பழமும் அந்தக் குளிர்ந்த காற்றில் அமிழ்தமாய் இனித்தன. அனுமதிக்கப்பட்ட இடத்தில் கால் நனைத்து விளையாடினோம். வெயில் சாய்வதற்கு முன் வெளியேறிவிட வேண்டும் என்பது விதி. பேருந்தில் ஏறும்போது காலையில் கேள்வி கேட்டவளிடம் சிஸ்டர், "என்ன, ரப்பர் தோட்டமும் காடுதானா?" என்று கேட்டார்கள். அவள், "இல்லை சிஸ்டர், அது வகுப்பு, இதுதான் ஊர்" என்றாள். எல்லாரும் கைதட்டினோம்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி கேட்ட முதல் கேள்வி எதுவாயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வெறும் பையைக் கண்டதும் முகம் வாடியது. நடந்ததை எல்லாம் விளக்கினேன். "எனக்க வலி காட்டுக்குத் தெரியுமா? வெறுங்கையோட வந்துட்டு கதை சொல்லுகா" என்று முணுமுணுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. நல்ல காரியம் செய்தவர்களுக்கு உடனே பாராட்டு கிடைக்கும் என்று கதைகளில்தான் வரும். நான் பாட்டியின் முட்டுக்குத் தைலம் தடவிவிட்டேன். அன்றும் தடவினேன், இன்றும் தடவுகிறேன். வலி முற்றிலும் தீர்ந்துவிடவில்லை.

ஒரு வாரம் கழித்து, பக்கத்து வீட்டு அக்கா பாட்டியிடம், "உங்க பேத்தி மலைக்குப் போனாளே, அந்தப் பச்சையைக் கொண்டு வந்தாளா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. பாட்டி சற்றும் தயங்காமல், "அது இஞ்ச வந்தா வெறும் புல்லு. அங்க நின்னாத்தான் அதுக்குக் குணம். உனக்கு இதுகூடத் தெரியாதா?" என்றார்கள். நான் கதவின் பின்னால் நின்று சிரித்தேன்.

அன்று முதல் எனக்கு ஓர் எண்ணம். வரைக்கமுகு யானைக்கு எட்டாத பாறையில் ஏறிப் பிழைத்தது. மனிதனுக்கு எட்டாத பாறை எது? சாலை போகிறது, பேருந்து போகிறது, படத்தைப் பார்த்தே இடத்தைக் கண்டுபிடிக்கும் காலம் இது. இனி எந்தச் செடிக்கும் ஒளிய இடமில்லை. சரணாலயம் என்று வரைபடத்தில் கோடு போட்டதும், சட்டம் இயற்றியதும், சோதனைச் சாவடி வைத்ததும், அந்தச் செடிகளுக்காக நாமே கட்டித் தந்த பாறைகள். மாமாவைப் போன்றவர்களின் மௌனமும் அப்படியொரு பாறைதான். ஆனால் அந்தப் பாதையோரப் பெரணிக் கன்றுக்கு அருகில் எப்போதும் ஒரு காவலர் நிற்க முடியாது. அது கைக்கு எட்டும் தூரத்தில்தான் நிற்கிறது. அங்கேயேதான் வளர வேண்டும். நீட்டிய கையை மடக்கிக்கொள்கிறவர்களால்தான் அதற்கு வாழ்வு. நாஞ்சில் நாட்டு வயலுக்கு வரும் தண்ணீரும் இப்படி யாரோ வெட்டாமல் விட்ட மரங்களின் வழியாகத்தான் வருகிறது என்பதை நாம் மறக்கலாகாது.

அன்புத் தங்கைகளே! அடுத்த ஆண்டு உங்கள் முறை. மறவாமல் உப்புப் பொட்டலமும், பென்சிலும், வரைதாளும் கொண்டு செல்லுங்கள். மாமாவைக் கண்டால் எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள். திரும்பும் வழியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே அந்த மரப்பெரணிக் கன்று நிற்கும். நாங்கள் பார்த்தபோது அதற்கு இலைகள் 4. சுருண்ட தளிர் 1. இப்போது எத்தனை என்று எண்ணி வந்து, மறவாமல் எங்களுக்குச் சொல்லுங்கள்.